காங்கேயம் பக்கத்து வீட்டு வாசலுக்கு வறட்சி தாங்கும் புல் எது?

காங்கேயம் பக்கம் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். முன்னால் 3 சென்ட் வெறும் மண்ணாகக் கிடக்கிறது, ஓரத்தில் ஒரு பழைய வேப்பமரம். போர் தண்ணீர் வீட்டுச் செலவுக்கே இழுபறி. நர்சரிக்காரர் கொரியன் புல் போடச் சொல்கிறார், இணையத்தில் தேடினால் பஃபலோ புல் என்று வருகிறது, உங்கள் மாமனாரோ "காட்டிலிருந்து அருகம்புல்லைப் பிடுங்கி நட்டால் போதாதா" என்கிறார். நம் மண்ணுக்கே உரிய, தண்ணீர் அதிகம் கேட்காத, அடிக்கடி வெட்டவும் வேண்டாத, ஆனால் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கிற புல் எது, பிள்ளைகள் அதில் வெறுங்காலோடு ஓடி விளையாட வேண்டும். இதுதான் நீங்கள் கேட்டது. இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. எந்தப் புல் என்பது ஒன்று. என்னிடம் இருக்கிற தண்ணீருக்கு எவ்வளவு இடத்தை, எத்தனை மாதம் பச்சையாக வைத்திருக்க முடியும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம், உங்கள் மாமனார் சொன்னதுதான். இரண்டாவதைக் கணக்குப் போடாமல் முதலாவதற்கு மட்டும் பதில் வாங்கிக்கொண்டு போனவர்களின் புல்தரைதான் இரண்டாவது கோடையில் புழுதிக்காடாகக் கிடக்கும். தோட்டக்கலை படித்துவிட்டு கொங்குப் பக்கத்தில் வீட்டுத் தோட்டங்களும் பள்ளி மைதானங்களும் அமைத்துக் கொடுப்பதையே பல வருடமாகத் தொழிலாகச் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். பங்குனி, சித்திரை வெயிலில் பச்சைப்பசேல் என்று இருக்கிற புல்தரை, எந்தப் புல்லாக இருந்தாலும், ஒரு நாளைக்கு நான்கைந்து மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக விட்டுவிடும். ஐந்து என்று வைத்தால் ஒரு சென்ட்டுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர், மூன்று சென்ட்டுக்கு 600 லிட்டர். மாதத்துக்கு 18,000 லிட்டர், அதாவது பெரிய லாரியில் ஒன்றரை லோடு. குடிக்கவே தண்ணீர் விலைக்கு வாங்குகிற ஊரில் இதை மனசாட்சியோடு செய்ய முடியாது. புல்லுக்குப் புல் இந்த அளவில் வித்தியாசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது 600 லிட்டரை 60 லிட்டர் ஆக்குகிற வித்தியாசம் கிடையாது. ஆகவே "தண்ணீர் கேட்காமல் வருடம் முழுக்கப் பச்சை" என்று யாராவது ஒரு புல்லை விற்றால் வாங்காதீர்கள். உங்கள் ஊரில் வருடத்துக்குப் பெய்கிற மழை சுமார் 600 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். தை முடிந்தால் அநேகமாகச் சித்திரைக் கோடை மழைவரை வானம் வெளிறிக் கிடக்கும். இந்தக் காலத்தில் இங்கே இயற்கையாக வளர்கிற எந்தப் புல்லும் பச்சையாக இருப்பதில்லை. வேரையும் தண்டையும் மண்ணுக்குள் காப்பாற்றிக்கொண்டு மேலே காய்ந்துவிடும். நம் ஊர்ப் புல் வறட்சியைத் தாங்குவது இப்படித்தான்.

உங்கள் ஊரில் இதைப் பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கிளுவை வேலி போட்டு வெள்வேலா மரத்தோடு மேய்ச்சலுக்கு விட்டிருக்கிற கொரங்காடு இருக்கிறதே, அதைச் சித்திரையில் ஒரு தடவையும் கார்த்திகையில் ஒரு தடவையும் பாருங்கள். சித்திரையில் வெறும் கட்டாந்தரை, பொன்னிறத்தில் குட்டை குட்டையாகப் புல் அடி மட்டும் நிற்கும். கார்த்திகையில் அதே இடம் முழங்கால் அளவு பச்சை. அங்கே பிரதானமாக இருப்பது கொழுக்கட்டைப் புல், புத்தகப் பெயர் சென்க்ரஸ் சிலியாரிஸ். காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்தப் புல்லில்தான். வறட்சி தாங்குவதை மட்டும் பார்த்தால் இதற்கு முதல் மார்க் கொடுக்கலாம், வேரும் ஆழம், மானாவாரியிலேயே வருடக்கணக்காக நிற்கும். ஆனால் இது கொத்துக் கொத்தாக வளர்கிற புல், படர்ந்து பாய் மாதிரி மூடாது. குட்டையாக வெட்டிக்கொண்டே இருந்தால் கொத்துக்கு நடுவில் மண் தெரியும், மிதிபடுகிற தரைக்கு ஏற்ற வளர்த்தி இல்லை. பிள்ளைகள் ஓடுவதற்கு இது ஆகாது. வேலி ஓரமாக, யாரும் நடக்காத பகுதியில், வெட்டாமல் அப்படியே விட்டு வருடத்துக்கு ஒருமுறை அறுத்து யாராவது மாடு வைத்திருப்பவருக்குக் கொடுப்பதென்றால் இதைவிட நல்ல புல் இல்லை. உங்களுடைய 3 சென்ட்டில் ஒரு பகுதியை இதற்கு விடச் சொல்லத்தான் போகிறேன். இதே புல்லை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் கொண்டுபோய் விதைத்து, அது அங்கே கட்டுக்கடங்காமல் பரவி, காய்ந்த காலத்தில் காட்டுத்தீக்குத் தீனியாகிவிட்டது. ஒரு புல் எங்கே சொந்தம் என்பது அவ்வளவு முக்கியம்.

இணையத்தில் படித்த பஃபலோ புல் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வறட்சி தாங்கும், வெட்டவே வேண்டாம் என்று அமெரிக்கர்கள் புகழ்ந்து எழுதுவது அவர்களுடைய நடுப்பகுதிச் சமவெளியின் சொந்தப் புல். நம் நர்சரியில் அதே பெயரில் கிடைப்பது அகல இலையோடு வருகிற வேறு புல், ஈரமும் கொஞ்சம் நிழலும் கேட்பது. பெயரைச் சொல்லி வாங்கினால் நீங்கள் படித்ததற்கு நேர் எதிரானது வீட்டுக்கு வந்து சேரும். இந்தக் குழப்பத்தில் பணம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொரியன் புல்லைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அது கெட்ட புல் இல்லை. அருகம்புல்லை விட மெதுவாக வளரும், அதனால் வெட்டு வேலை குறைவு, பார்க்கவும் மெத்தென்று அழகு. அதன் இனத்திலேயே இன்னொன்று, மணிலா புல் என்று விற்கிறார்களே, அது நம் கடலோர மணலில் இயற்கையாகவே இருக்கிற புல். ஆழமான மண்ணில் வேர் பிடித்துவிட்டால் இவையும் ஓரளவு வறட்சியைத் தாங்கும். ஆனால் ஒருமுறை காய்ந்து அடிபட்டால் திரும்பி மூடுவதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதற்குள் களை வந்து இடத்தைப் பிடித்துவிடும். பிள்ளைகள் ஓடித் தேய்கிற இடத்துக்கு அந்த வேகம் போதாது. அதைவிட முக்கியமாக, அது எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள். ஒன்றரை அங்குலம் செம்மண்ணோடு துண்டு துண்டாக வரும், கட்டடக் கழிவின் மேல் இரண்டு அங்குலம் மண் கொட்டி அதன்மேல் ஓடு பதிக்கிற மாதிரி பதித்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்குச் சாயங்காலமே பச்சை. மறுநாளிலிருந்து தினமும் தண்ணீர்.

ஏன் தினமும் என்றால், இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் செம்மண், கொஞ்சம் மணல் கலந்தது, ஓர் அடி ஆழத்துக்குச் சுமார் 30 மில்லிமீட்டர் தண்ணீரை வேருக்குக் கொடுக்கும்படி பிடித்துவைத்திருக்கும். களி மண் இன்னும் கூடப் பிடிக்கும், சரளை குறைவாகப் பிடிக்கும். இரண்டு அங்குல மண்ணில் இருப்பது ஐந்து மில்லிமீட்டர், அதாவது கோடையில் ஒரே நாள் செலவு. ஒன்றரை அடி ஆழத்துக்கு மண் பொலபொலவென்று இருந்து வேரும் அதுவரை இறங்கியிருந்தால் 45 மில்லிமீட்டர் கையிருப்பு, பத்து நாள் கவலை இல்லை. அருகின் வேர் இடம் கிடைத்தால் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, கவனித்துப் பார்த்துச் சொன்ன வாக்கு அது. ஆனால் போகவிடாமல் கீழே செங்கல் தூளும் சிமென்ட் கட்டியும் கிடந்தால் அருகும் கொரியன் புல் மாதிரிதான் நடந்துகொள்ளும். ஒரே புல்லை ஒருவர் "தண்ணியே விடறதில்லை" என்றும் இன்னொருவர் "தினமும் விட்டும் காயுது" என்றும் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் மண்ணின் ஆழம்தான். நான் ஒரு வீட்டுக்குப் போனால் புல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன் கடப்பாரை கேட்பேன். நாலு இடத்தில் குத்திப் பார்த்து எங்கே பாறை, எங்கே கழிவு, எங்கே நல்ல மண் என்று தெரிந்தபிறகுதான் பேச்சு.

சரி, ஏன் அருகு என்று உறுதியாகச் சொல்கிறேன்? மண்ணுக்கு மேலே கொடியாகவும் மண்ணுக்குக் கீழே வெள்ளைத் தண்டாகவும் இரண்டு வழியிலும் படரும். மேலே மேய்ந்தாலும் மிதித்தாலும் காய்ந்தாலும் கீழே இருப்பு பத்திரமாக இருக்கும். வெயில் எவ்வளவு இருந்தாலும் சரி, உப்புத் தண்ணீரையும் கணிசமாகத் தாங்கும். உங்கள் ஊரில் ஆழமான போரில் வருகிற தண்ணீர் சப்பென்று உவர்த்துத்தானே இருக்கும், அதற்கு இது பெரிய அனுகூலம். செம்மண், கரிசல் இரண்டிலும் வரும். உலகம் முழுக்கப் பெர்முடா என்ற பெயரில் விளையாட்டு மைதானங்களில் போடுவது இதே சைனோடான் டாக்டிலானையும் அதன் கலப்பினங்களையும்தான். 1960இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டிஃப்வே இன்றைக்கும் கால்பந்து மைதானங்களில் இருக்கிறது, அதுவும் இந்தப் புல்லுக்கு ஆப்பிரிக்க உறவுக்காரப் புல் ஒன்றோடு செய்த கலப்புதான். அந்த மாதிரி கலப்பினங்கள் வீட்டுக்கு வேண்டாம். இலை மெலிசாக அழகாக இருக்கும், ஆனால் உரமும் தண்ணீரும் வாரம் இரண்டு வெட்டும் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கானது.

நம் மண்ணுக்கே உரியது என்று கேட்டீர்கள், அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அருகின் பூர்வீகம் எது என்பதில் தாவரவியலாளர்களிடையே விவாதம் உண்டு, ஆப்பிரிக்கா என்று சொல்பவர்கள் நிறைய. ஆனால் பிள்ளையாருக்குச் சாத்துகிற, நம் மருத்துவத்தில் இருக்கிற, வரப்பெல்லாம் நிறைந்திருக்கிற புல் இது. நம் ஆடு மாடும் பூச்சி புழுவும் இதோடு சேர்ந்தே வாழ்ந்துவந்தவை. கொழுக்கட்டைப் புல்லை எந்த அர்த்தத்தில் நம்முடையது என்கிறோமோ, நடைமுறையில் இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இப்போது எந்த அருகு என்பது. இதைப் பலரும் யோசிப்பதில்லை. வாய்க்கால் வரப்பில் முழங்கால் உயரம் வளர்கிற தடித்த அருகும் உண்டு, கோயில் முன்னால் மிதிபட்டு மிதிபட்டுத் தரையோடு ஒட்டிக்கிடக்கிற சன்னமான அருகும் உண்டு. கணுவுக்குக் கணு இடைவெளியைப் பார்த்தாலே தெரியும். வரப்பு அருகம்புல்லில் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கணு, மிதிபட்ட அருகம்புல்லில் அதே நீளத்தில் மூன்று நான்கு கணு நெருக்கமாக இருக்கும், ஒவ்வொரு கணுவிலும் ஒரு கொத்து இலை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. களத்து ஓரம், பள்ளிக்கூடத்து மைதானம், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கம், தண்ணீர் படாத இடமாகப் பார்த்து எடுங்கள். இதில் ஒரு சந்தேகத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் குட்டைத்தன்மையில் எவ்வளவு அதன் பிறவிக் குணம், எவ்வளவு மிதிபட்டதால் வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. நல்ல மண்ணில் நட்டதும் சில கொடிகள் நீண்டுவிடும், சில அப்படியே குட்டையாக இருக்கும். அதனால் நாலைந்து இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் கொண்டுவந்து, ஒரே மாதிரி தொட்டியில் ஒரே மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு மூன்று மாதம் வளர்த்துப் பாருங்கள். கடைசி மாதம் தண்ணீரை நிறுத்தியும் பாருங்கள். எது கடைசியில் காய்கிறது, திரும்பத் தண்ணீர் விட்டதும் எது முதலில் துளிர்க்கிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். நர்சரியில் விலை கொடுத்தாலும் கிடைக்காத தேர்வு இது, செலவும் இல்லை.

மண்ணைத் தயார் செய்வதுதான் உண்மையான வேலை, வருடம் முழுக்க வேலை இல்லாமல் இருக்க வேண்டும் என்றால் முதல் மூன்று மாதம் வேலை செய்தாக வேண்டும். கட்டடக் கழிவை மேலோடு வாரினால் போதாது, ஒன்றரை அடிக்குக் கொத்திக் கிளறிக் கல்லையும் கம்பியையும் பொறுக்குங்கள். ஒரு சென்ட்டுக்கு 150 கிலோ நன்றாக மக்கிய தொழு எரு போதும். மக்காத சாணம் போட்டால் மாடு தின்ற களை விதை அத்தனையும் உங்கள் வாசலில் முளைக்கும். அப்புறம் கோரை. புல்தரைக்கு முதல் எதிரி வறட்சி இல்லை, கோரைதான். மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகச் சங்கிலி போட்டுக் கிடக்கும், மேலே பிடுங்கினால் நூல் மாதிரி அறுந்து கிழங்கு கீழேயே தங்கிவிடும். ஆடியில் கொத்திப் போட்டு ஒரு தண்ணீர் விடுங்கள், கோரை முளைக்கும், களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். திரும்பத் தண்ணீர், திரும்ப முளைக்கும், திரும்பத் தோண்டுங்கள். மூன்று சுற்று இப்படிச் செய்தால் முழுதாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அருகு முந்திக்கொள்ள இடம் கிடைக்கும். வெளியிலிருந்து வண்டியில் செம்மண் வாங்கிக் கொட்டுகிறவர்கள் பாதிப் பேர் கோரைக் கிழங்கைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இருக்கிற மண்ணைத் திருத்துவது எப்போதும் நல்லது.

நடவு புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். கொடியை வேரோடு கொத்தி எடுத்து நனைந்த சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அன்றைக்கே நட்டுவிட வேண்டும், ஒரு மத்தியான வெயிலில் போட்டால் போச்சு. மூன்று நான்கு கணு வருகிற மாதிரி நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலும் இருக்கும்படி அரை அடி இடைவெளியில் ஊன்றிக் காலால் மிதித்து இறுக்குங்கள். ஆள் கிடைக்காவிட்டால் பழைய முறை ஒன்று இருக்கிறது. நறுக்கிய அருகைச் சாணமும் செம்மண்ணும் கரைத்த குழம்பில் போட்டுக் கலந்து, ஈரத் தரையில் பரப்பி மேலே லேசாக மண் தூவி விடுவது. பெரிய இடத்துக்கு இது சுலபம், ஆனால் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த முறையானாலும் முதல் மூன்று வாரம் தினமும் ஈரம் வேண்டும், வறட்சி தாங்கும் புல் என்பதெல்லாம் வேர் பிடித்தபிறகுதான். ஐப்பசி மழை அந்த வேலையைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். மார்கழிக்குள் தரை மூடிவிடும்.

மொட்டைமாடித் தண்ணீரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,000 சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் கழிவு போக 1,500 லிட்டராவது குழாயில் இறங்கும். அதை ஒரு சென்ட் புல்லுக்குத் திருப்பிவிட்டால் பெய்த 20 மில்லிமீட்டரோடு இன்னும் 35க்கு மேல் சேர்ந்த கணக்கு. சின்ன மழையெல்லாம் உங்கள் வாசலில் பெரிய மழையாகிவிடும். புல்தரையை வாசல் மட்டத்தை விட இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாக வைத்தால் அந்தத் தண்ணீர் தெருவுக்கு ஓடாமல் அங்கேயே இறங்கும். மேடாக மண் நிரப்பி அழகுக்குச் சரிவு கொடுக்கிறார்கள், நம் ஊர் மழைக்கு அது சரிப்படாது.

வேர் பிடித்த பிறகு கோடையில் இரண்டு வழி. ஒன்று, தண்ணீரே விடாமல் காயவிடுவது. மாசிக் கடைசியில் வைக்கோல் நிறமாகிவிடும். உயிர் இருக்கிறதா என்று பயம் வந்தால் ஒரு பிடி பெயர்த்துப் பாருங்கள், மண்ணுக்குள் இருக்கிற தண்டு கெட்டியாக, உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. நல்லதாக ஒரு கோடை மழை விழுந்தால் ஒரு வாரத்தில் பச்சை தெரியும். மண் ஆழமாக இருக்கிற இடத்தில் இப்படி இரண்டு மூன்று மாதம் தாங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பாறைக்கு மேல் முக்கால் அடி மண்தான் என்றால் அங்கங்கே திட்டுத் திட்டாகச் செத்துப்போவதும் உண்டு, அங்கே நான் உத்தரவாதம் தர மாட்டேன். இரண்டாவது வழி, உயிர்த் தண்ணீர் மட்டும் விடுவது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை 15 மில்லிமீட்டர், அதாவது ஒரு சென்ட்டுக்கு 600 லிட்டர். முழுப் பச்சையாக இருக்காது, ஆனால் சாகாது, பிள்ளைகள் விளையாடலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது மட்டும் வேண்டாம், வேர் மேலேயே தங்கிவிடும். எப்போது விட வேண்டும் என்பதைப் புல்லே சொல்லும். தாகம் எடுத்தால் இலை நடுநரம்பு வழியாக இரண்டாக மடியும், பச்சை மங்கிச் சாம்பல் பூத்த மாதிரி ஆகும், நடந்து போனால் கால் தடம் எழும்பாமல் அப்படியே இருக்கும். சாயங்காலம் பார்த்த தடம் காலையிலும் தெரிந்தால் தண்ணீர் விடுங்கள்.

வெட்டுவது மழைக் காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு விரற்கடை உயரம் விட்டு. ஒட்ட வழித்தால் மண் சூடாகிக் களைக்கு வழிவிடும். தையிலிருந்து வெட்டே வேண்டாம். வெட்டிய துண்டு பொடியாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும், அதுதான் உரம். யூரியா போட்டால் பச்சை ஏறும், கூடவே வெட்டும் தாகமும் ஏறும், நீங்கள் கேட்ட குறைந்த பராமரிப்புக்கு அது எதிரி. உங்கள் பக்கம் சுண்ணாம்பு மண் நிறைய. தண்ணீர் இருந்தும் இளம் இலை வெளிறி மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை, அன்னபேதி (ஃபெர்ரஸ் சல்ஃபேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்கால வேளையில் தெளித்தால் தேறும். களையில் கோரைக்கு அடுத்து நெருஞ்சியைத்தான் பார்க்க வேண்டும், மஞ்சள் பூ கண்ணில் பட்ட அன்றே பிடுங்கிவிடுங்கள். காய் முற்றி உதிர்ந்தால் அந்த வருடம் முழுக்கப் பிள்ளைகள் காலில் முள்தான். பார்த்தீனியத்தையும் பூப்பதற்கு முன் வேரோடு எடுத்துவிட வேண்டும்.

வேப்பமரத்தடியில் அருகு வராது. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், இல்லாவிட்டால் கொடி நீண்டு இலை குறைந்து தரை தெரியும். எத்தனை தண்ணீர் விட்டாலும் அந்த இடத்தில் மரம்தான் குடிக்கும். அங்கே விழுகிற சருகை அப்படியே பரப்பி ஒரு கல் பெஞ்சு போட்டுவிடுங்கள், நம் கோடையில் ஆள் உட்காரப்போவது அங்கேதான். துணி துவைக்கிற கல் பக்கம் எப்போதும் ஈரம் இருந்தால் பொடுதலை நடலாம். அது புல் இல்லை, ஆனால் தரையோடு படரும், மிதியும் தாங்கும். பூவுக்குத் தேனீ வரும், வெறுங்கால் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதைச் சொல்லிவைக்க வேண்டியது என் கடமை. பிளாஸ்டிக் புல் யோசனை வந்தால் மட்டும் தள்ளிவிடுங்கள், சித்திரை மத்தியானத்தில் அதில் வெறுங்காலோடு நிற்கவே முடியாது.

அருகுக்கு ஒரு பெரிய குறை உண்டு, அது எல்லையில் நிற்காது. பூச்செடிப் பாத்திக்குள் போகும், பக்கத்துக் காட்டுக்குள் போகும், ஒருமுறை புகுந்தால் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். சுற்றிலும் ஓர் அடி ஆழத்துக்கு ஹாலோ பிளாக் கல்லோ கனமான ஷீட்டோ இறக்குங்கள். அதுவும் முழுப் பாதுகாப்பில்லை, மேலே தாண்டுகிற கொடியை மழைக் காலத்தில் மாதம் ஒருமுறை வெட்டிவிட வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது வெள்ளாமை செய்கிறார்கள் என்றால் அந்த ஓரத்தில் அருகு வேண்டவே வேண்டாம், அங்கே கொழுக்கட்டைப் புல்லை வையுங்கள்.

ஆக உங்கள் 3 சென்ட்டை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். வெயில் நன்றாக விழுகிற நடுப்பகுதியில் ஒரு சென்ட் அருகு, பிள்ளைகளுக்கு அது தாராளம். வேலி ஓரமாகக் கொழுக்கட்டைப் புல்லும் ஆவாரம் செடியும் சேர்த்து, தண்ணீரே இல்லாமல். மீதி மரத்தடியும் நடைபாதையும். கொழுக்கட்டைப் புல் ஓரமாக வளர்ந்து நின்றால் பாம்பு வரும் என்று வீட்டில் சொல்வார்கள், அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அருகுத் தரைக்கும் அதற்கும் நடுவில் நாலடிக்கு வெறும் மண்ணோ கல்லோ விட்டுவிடுங்கள், எது வந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

நான் சொன்னதெல்லாம் கொங்குப் பக்கத்து உள்நாட்டு வறண்ட மண்ணுக்கு. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலோரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அருகோடு மணிலா புல்லையும் தொட்டியில் வைத்துச் சோதித்துப் பாருங்கள், அங்கே வேலை செய்த அனுபவம் எனக்குக் குறைவு. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு இந்தப் பதில் பொருந்தாது. நீங்கள் நாலு இடத்தில் கடப்பாரையால் குத்திப் பார்த்து எத்தனை அடியில் பாறை தட்டுகிறது என்பதையும், போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கிற உப்பின் அளவையும் இங்கேயே எழுதுங்கள். தண்ணீரை எந்த அளவுக்கு நம்பலாம், கோடையில் காயவிடலாமா கூடாதா என்பதை அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.